நீலக் கவுனும் இரண்டாவது சீட்டும்

பிப்ரவரி 6

அப்பாவுக்கு,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது கோழி கிளறிய மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. நான்தான், உங்கள் மகள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 12 அன்று மதியம் எங்கள் வகுப்புக்குப் பள்ளி நிறைவு விழா. மேடையேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அன்று சீருடை கிடையாது. எல்லாரும் தரை தொடும் விழா கவுன் போடுகிறார்கள், நிறம் அவரவர் இஷ்டம்.

நானும் அம்மாவும் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டோம். சிறுமியர் பிரிவில் எனக்கு எதுவும் நுழையாது. பெண்கள் பிரிவில் இருப்பதெல்லாம் என்னை வங்கி மேனேஜர் மாதிரி காட்டுகிறது. மூன்றாவது கடையில் கவுன் என் தலையோடு மாட்டிக்கொண்டது. இரண்டு கையையும் மேலே தூக்கியபடி, கண் தெரியாமல் ட்ரையல் ரூமுக்குள் நிற்கிறேன். கதவுக்கு வெளியே விற்பனைப் பெண் ஊருக்கே கேட்கிற மாதிரி, "இதுக்கு மேல சைஸ் இல்லம்மா, இழுக்காதீங்க, தையல் விட்டுடும்!" என்கிறாள். என்னோடு வந்த பக்கத்து பெஞ்சுக்காரி, கையில் கிடைத்த முதல் கவுனைச் சும்மா போட்டுப் பார்த்தாள். கண்ணாடிப் பொம்மை மாதிரி இருந்தாள். வாங்காமல் மடித்து வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் இந்த வருஷம் யாருக்கும் புதுத் துணி இல்லை.

நீங்கள் கவுன் தைக்கும் தொழிலில்தான் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். ஆனால் பிறந்த நாளுக்கு அனுப்புவது போல வயதைப் பார்த்து நம்பர் எடுத்து அனுப்ப வேண்டாம். பத்து வயதுக்குப் பத்தாம் நம்பர் வந்தது, சரி. பதினொன்று முழங்கையிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் வந்த பெட்டிகளைப் பிரிக்காமலே மாடி வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டோம். நன்றி சொல்லி எழுது என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொன்னாள். நான்தான் எழுதவில்லை.

தோள் பதினைந்தரை. மார்புச் சுற்று முப்பத்தாறு. இடுப்பு முப்பத்தொன்று. தோளிலிருந்து தரை வரை ஐம்பத்துநாலு. அம்மா டேப் பிடித்தாள், நான் மூச்சை இழுக்கவில்லை.

போனில் கூப்பிட வேண்டாம். போனில் நீங்கள் ரொம்ப நன்றாகப் பேசுவீர்கள். பிறகு எதுவும் நடக்காது. எழுதி வைத்தால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மகள்

—

பிப்ரவரி 11

என் ஒல்லிக்குச்சிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கடையில் முதலாளியம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, பொழச்சு வந்திருக்காங்க" என்றேன்.

அந்த விற்பனைப் பெண்ணை என்னிடம் அனுப்பு, ஒரு வாரம் வைத்திருந்து நான் திருத்தி அனுப்புகிறேன். ட்ரையல் ரூமுக்கு வெளியே நின்று சைஸைச் சத்தமாகச் சொல்பவளை எங்கள் கடையில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எங்களிடம் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நம்பரை வாயால் சொல்லவே மாட்டோம். உள்ளே இருக்கிற பெண் "அடுத்தது" என்று கேட்டால் அடுத்ததைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு முதுகுப் பட்டியில் இருக்கும் நம்பர் சீட்டையே முன்கூட்டியே பிரித்து எடுத்துவிடுவேன். துணி சரியாக உட்கார்ந்தால் நம்பர் யாருக்கு வேண்டும்?

உனக்காக இருபது வருஷத் தொழிலைச் சுருக்கிச் சொல்கிறேன், கேள். முதலில் தோளைப் பார். தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்ற இடங்களைப் பிடிக்கவோ விடவோ முடியும். தோள் தவறினால் கடவுளே வந்தாலும் முடியாது. விழாவுக்குப் போடப்போகிற உள்ளாடையையும் செருப்பையும் போட்டுக்கொண்டுதான் நீளம் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதே. உட்கார், கையைத் தூக்கு, குனிந்து கீழே கிடக்கிற ஒரு பொருளை எடு, இரண்டு படி ஏறு. அதிலெல்லாம் உறுத்தாத கவுன்தான் கவுன்.

அப்புறம், கடைக்கு வருகிற அம்மாக்களில் இரண்டு வகை உண்டு. பெண் வளர்ந்துவிடுவாள் என்று பெரிதாக வாங்குகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் பெரிய ஆபத்தில்லை, மடித்துத் தைத்துக்கொள்ளலாம். விழாவுக்குள் மெலிந்துவிடுவாள் என்று சின்னதாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். "எதிர்ல நிக்கிற பொண்ணுக்குத்தாம்மா துணி, உங்க மனசுல இருக்கிற பொண்ணுக்கு இல்ல" என்பேன். அழுதுகொண்டே பெரிய நம்பரை வாங்கிப் போவார்கள்.

கடையில் என் பெயரே இன்ச் டேப். வாசலில் ஒரு பெண் நுழையும்போதே அளவைச் சொல்லிவிடுவேன். பிறகு டேப் வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் தப்பாது.

அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மா நீ எழுதிய அளவை எதன் மேல் எடுத்தாள்? தடித்த வீட்டு உடுப்பின் மேல் எடுத்திருக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. மறுபடி ஒரு தடவை எடுத்து எழுது. முடிந்தால் ஒரு போட்டோவும் வை. என்னிடம் இருப்பது உன் ஒன்பது வயதுப் படம்தான். பல் விழுந்த வாயோடு, கொடிக்கம்பியில் மாட்டின துணி மாதிரி நிற்பாயே, அது.

உன்
அப்பா

—

பிப்ரவரி 17

அப்பாவுக்கு,

தலைப்பில் எழுதியிருந்தீர்களே ஒரு பெயர், அதைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. சத்தமாகப் படித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இனிமேல் வேண்டாம்.

போட்டோ கிடையாது. போட்டோவில் நான் எப்போதும் பாதி கண் மூடியிருப்பேன். மீதி நேரம் யார் முதுகுக்காவது பின்னால் நிற்பேன். உங்களுக்குத்தான் பார்த்தாலே அளவு தெரியுமே, பார்க்காமலும் தெரியுமா என்று பார்க்கலாம்.

அளவை மறுபடி எடுத்தாயிற்று. இந்த முறை அம்மா இல்லை, தெருமுனைத் தையல்கார அக்கா. மெல்லிய உள்சட்டையின் மேல்தான் எடுத்தார். தோள் பதினைந்தரை, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்தொன்று. அதேதான். அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன், கீழே பாருங்கள். "எதுக்கும்மா, கோர்ட்டுக்கா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நீங்கள் சொன்ன மாதிரி உட்கார்ந்து, குனிந்து, படி ஏறியெல்லாம் பார்த்தேன், என் பழைய பாவாடையில். பக்கத்து பெஞ்சுக்காரிக்கும் சொல்லிக்கொடுத்தேன். உங்களைப் பற்றி அவளிடம் முதல் தடவையாகப் பேசினேன். "உங்க அப்பா நல்லாப் பேசுவார் போல" என்றாள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒவ்வொருவருக்கும் பெற்றோருக்கென்று இரண்டு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். மூன்றாவது வரிசை. ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கவுன் எனக்குச் சரியாக இருந்தால் அதை என்ன செய்வது என்று யோசிக்கலாம். யோசிக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. நீங்கள் ஏன் வரவே இல்லை? கோபத்தில் கேட்கவில்லை. கோபமெல்லாம் போன வருஷத்தோடு முடிந்துவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மகள்

—

மார்ச் 5

என் கண்ணுக்கு,

பெட்டியில் உன் கவுன் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் இதைப் படி.

கருநீலம். அகலமான கழுத்து, முழங்கை வரை கை. இடது தோளில் ஏழு துணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன பார், அதைக் கடையில் யாரையும் தொடவிடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாளைக்கு ஒன்று என்று நானே மூடித் தைத்தேன். இந்த ஊரில் வேறு எந்தக் கவுனிலும் அது இல்லை. ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் என் கண்ணுக்கு நீ தெரிவாய்.

அளவு விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்தத் தையல்கார அக்காவைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெருமுனைக் கடைக்காரர்கள் எல்லாரும் தளர்வாகத்தான் டேப் பிடிப்பார்கள், பின்னால் வம்பு வரக் கூடாதென்று. அதைக் கழித்துக்கொண்டேன். மார்பு முப்பத்துமூன்று, இடுப்பு இருபத்தெட்டு வைத்திருக்கிறேன். தோளிலும் ஓர் அங்குலம் குறைத்திருக்கிறேன். நம் வீட்டு எலும்பு எனக்குத் தெரியாதா? என் அக்கா கல்யாணத்தின்போதுகூட இருபத்தேழைத் தாண்டவில்லை. போட்டுப் பார்த்துவிட்டுச் சொல். இன்ச் டேப் சொன்னால் சொன்னதுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாராவை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் அந்த ஊருக்குப் போன வருஷம் இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை நீ தூங்கிவிட்டாய். இரண்டாம் தடவை எனக்கும் உன் அம்மாவுக்கும் வாசலிலேயே வாக்குவாதம், அப்படியே திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் உன் பத்தாவது பிறந்த நாளுக்கு வருவதாகச் சொன்னேன். அது சனிக்கிழமை. உன் பிறந்த நாள் சீசனில் வருகிறது கண்ணு. பள்ளி விழா, பரிசளிப்பு, நாட்டிய மேடை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். ஊரிலிருக்கிற பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியின் முன்னாலும் முட்டிபோட்டு உட்கார்ந்து, வாயில் ஊசி வைத்துக்கொண்டு, கவுனின் கீழ் விளிம்பை மடித்துக் குத்துவேன். அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று நினைப்பேன். அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது. ஒரு வருஷம் போன பிறகு எந்த முகத்தோடு வருவது என்று வெட்கமாகிவிட்டது. இதைக் காரணம் என்று சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

சீட்டு விஷயத்தை யோசி. எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசி. ஆனால் ஏப்ரல் 12க்குள் யோசித்துவிடு.

அப்பா

—

மார்ச் 12

அப்பாவுக்கு,

கவுனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்தபோது அம்மாவும் பக்கத்து பெஞ்சுக்காரியும் கூட இருந்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. அந்தப் பொத்தான்களை அம்மா விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த மனுஷனுக்குக் கை மட்டும் தங்கம்" என்றாள். ஆறு வருஷத்தில் உங்களைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது.

பிறகு போட்டேன். தோளில் இறங்கவில்லை. இறக்கினோம். முதுகு ஜிப் பாதியில் நின்றது. மூச்சை விடு என்று அம்மா சொன்னாள், விட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரி இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அம்மா இழுத்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே இழு என்று மெதுவாகச் சொன்னாள். உள்ளே இழுக்க எங்கே இடம் இருக்கிறது? அப்புறம் கழற்றவும் முடியவில்லை. கையைத் தூக்கி நின்றபடி இருவரும் உரித்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கடையிலாவது வெளியே நின்றவள் யாரோ ஒருத்தி. அவள் பேசியதை நான் மறந்துவிடலாம்.

நான் இரண்டு தடவை அளவு எழுதினேன். இரண்டாவது தடவை கையெழுத்தோடு. அம்மாவுக்கு டேப் பிடிக்கத் தெரியாது, தையல்கார அக்காவுக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் பார்க்காமலே தெரியும். எதிரில் நிற்கிற பெண்ணுக்குத்தான் துணி என்று எனக்கு எழுதியது நீங்கள்தானே? அந்த அம்மாக்களாவது பெண்ணைக் கூடவே அழைத்து வருகிறார்கள்.

இதை யாருக்குத் தைத்தீர்கள் அப்பா? அவள் எந்த வீட்டில் இருக்கிறாள்? எனக்குத் தெரிந்து இங்கே அப்படி ஒருத்தி இல்லை.

எனக்கு உடம்பைப் பற்றி வெட்கம் ஒன்றும் இல்லை. நான் பந்து எறிந்தால் மைதானத்தின் அந்தப் பக்கச் சுவரில் போய் விழும். பள்ளியில் வேறு யாராலும் முடியாது. அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் வெட்கமாக இருந்தது.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் எழுதிய அளவுக்கே செய்து அனுப்ப முடியுமென்றால் செய்யுங்கள். முடியாவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள்.

மகள்

—

மார்ச் 27

என் கண்ணுக்கு,

உன் கடிதமும் கவுனும் வந்து சேர்ந்தன. தப்பு என்னுடையதுதான். முழுக்க என்னுடையதுதான். அம்மா எடுத்த அளவைச் சந்தேகப்பட்டது அதைவிடத் தப்பு. அவளிடம் சொல்.

புதிதாகவே வெட்டியிருக்கலாம். துணியும் இருந்தது. ஆனால் கத்தரியைக் கையில் எடுத்தால், இந்தக் கவுனைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்தப் பொத்தான் வரிசையைப் பிரித்து இன்னொன்றில் வைத்தால் அதே மாதிரி வராது. அதனால் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் வெளியே விட்டிருக்கிறேன். தோளையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன். இப்போது மார்பு முப்பத்துநாலரை, இடுப்பு இருபத்தொன்பதரை வரும். நீ சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். மிச்சம் இருக்கிற ஒன்றரை அங்குலம் நீ முதுகை நிமிர்த்தி நேராக நின்றாலே வந்துவிடும். சின்ன வயதிலும் கூன் போட்டுத்தான் நிற்பாய், அதற்காக உன்னை அதட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இந்தக் கவுனில் நீ நிற்க வேண்டும். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஊசி போடும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு துணியில் நீ மேடை ஏறினால், நான் இத்தனை நாளும் உன்னோடு இருந்தது வீணாகிவிடும் போல இருக்கிறது. இப்படி எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான்.

முதலாளியம்மாவிடம் இன்னும் லீவு கேட்கவில்லை. சீசன் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் உன்னிடமிருந்து அந்தச் சீட்டு வந்தால் வேலையே போனாலும் வருவேன். அது வருமா?

அப்பா

—

ஏப்ரல் 3

அப்பாவுக்கு,

கவுன் வந்தது. போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நன்றி.

இரண்டாவது சீட்டைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் நீங்கள் வர வேண்டாம். சீசன் நேரத்தில் கடையை விட்டுவிட்டு அலைய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்

—

ஏப்ரல் 14

என் செல்லத்துக்கு,

திட்டுவதென்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. நான் வந்தேன்.

வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். சரி என்றுதான் நானும் நினைத்தேன். அன்று காலையில் ஒரு பெண்ணுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா பக்கத்தில் நின்று, "நடந்து காட்டு, நடந்து காட்டு" என்று உயிரை வாங்கினார். ஊசி டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். முதலாளியம்மாவிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் போகச் சொல்லிவிட்டார்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கென்று வந்து வாய்க்கிறதே! உங்கள் பள்ளிக்கு வந்து சேரும்போது சான்றிதழ் கொடுத்து முடிந்துவிட்டது. சீட்டு இல்லை. வாயிற்காவலரிடம் என் பெண் உள்ளே இருக்கிறாள், ஐந்து நிமிஷம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். அவரும் பெண்ணைப் பெற்றவர் போல, பின்கதவு வழியாக விட்டுவிட்டார்.

மண்டபம் இருட்டாக இருந்தது. மேடையில் மட்டும்தான் வெளிச்சம். நான் உன்னைத் தேடவே இல்லை, அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். அத்தனை கவுனுக்கும் நடுவில் என் நீலம். ஏழு பொத்தானும் விளக்கில் மின்னுகிறது. தோளைப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை. இடுப்பில் ஒரு நூல் அளவு தளர்வு இல்லை. நீ கையை உயர்த்தினாய், கவுன் கூடவே வந்தது. நான்தான் சொன்னேனே, நேராக நின்றால் வந்துவிடும் என்று! எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

அப்புறம் நீ முன்னால் வந்து தனியாகப் பாட ஆரம்பித்தாய். உனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே கண்ணு. அது என் அக்காவின் குரல். நம் வீட்டு ரத்தம் எங்கே போகும்? பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "என் பொண்ணு, என் பொண்ணு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவர் கை கொடுத்தார்.

நடுவில் ஒரு சின்ன இடைஞ்சல். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்ட ஒரு பெண், விழாவுக்கு ஒத்தாசை செய்கிறவள் போலிருக்கிறது, நேரே எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை, மேடையே மறைந்துவிட்டது. கொஞ்சம் தள்ளச் சொன்னேன். தொழில் புத்தி எங்கே விடும்? அந்த அரைநிமிஷத்திலும் அவளை அளந்துவிட்டேன். தோள் பதினைந்தரை, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்தொன்றுக்குக் குறையாது. பாவம், அக்குளில் இறுக்கிப் பிடிக்கிற ஒரு சட்டையை யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் பெற்றவர்கள் பிள்ளையைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆனால் நல்ல குணம். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டுவிட்டுப் போனாள். யார் பெற்ற பிள்ளையோ.

பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். உன்னை வந்து பார்த்திருக்கலாம். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய், உன் நல்ல நாளை நான் கெடுக்கக் கூடாது. என் கண் நிறைந்துவிட்டது, அது போதும். ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது உன்னைச் சரியாகப் பார்த்தேனே.

அடுத்து எங்கே படிக்கப்போகிறாய்? எழுது. பாட்டையும் விட்டுவிடாதே.

உன்
அப்பா

—

ஏப்ரல் 21

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. கடிதம் வந்ததா என்று கேட்டாள், கடை விளம்பரம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பாட வராது. நான் வாயைத் திறந்தால் வகுப்பில் ஜன்னலைச் சாத்துவார்கள். நீங்கள் பார்த்தது என் பக்கத்து பெஞ்சுக்காரி. தனியாகப் பாட அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், போடுவதற்கு எதுவும் இல்லாமல் இருந்தாள். கவுன் இரண்டாம் தடவை வந்தபோதும் எனக்கு ஜிப் ஏறவில்லை. அதே இடத்தில்தான் நின்றது. நேராக நின்றும் பார்த்தேன். அம்மா, "அவளாவது போட்டுக்கட்டும், பெட்டிக்குள்ள கெடந்து என்ன ஆகப்போகுது" என்றாள். நீங்கள் பிரித்துவிட்டிருந்த பக்கத் தையலை மறுபடியும் பழைய கோட்டிலேயே ஓட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது. அவளுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நன்றாகப் பாடினாள் என்று நீங்கள் எழுதியதை அவளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

சரியாக இருக்கிறது என்று நான் எழுதியது பொய். மூன்றாம் தடவை ஒரு பெட்டி வருவதை என்னால் தாங்கியிருக்க முடியாது. அந்தப் பொய்யை எழுதிவிட்டதால்தான் வர வேண்டாம் என்றும் எழுத வேண்டியதாயிற்று. வந்தால் தெரிந்துவிடுமே. பெரியம்மாவுக்குச் சீட்டுக் கொடுத்தேன் என்றதும் பொய்தான். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

நான் அம்மாவின் வேலைச் சட்டையையும் பாவாடையையும் போட்டுக்கொண்டேன். அக்குள் இறுக்கம்தான், நீங்கள் சொன்னது சரி. நான் இரண்டு முறை எழுதியும் நம்பாத அளவை, இருட்டில் ஒரே பார்வையில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கடையில் உங்களைப் பற்றிச் சொல்வது உண்மைதான் போல.

சான்றிதழ் வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். பின்கதவு திறந்து வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். பார்த்த உடனே நீங்கள் என்று தெரிந்துவிட்டது. கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறீர்கள், முடி பாதிக்கு மேல் கொட்டிவிட்டது, சட்டைக் காலரில் எப்போதும் போல ஓர் ஊசி குத்தியிருந்தது. அம்மாவும் பார்த்தாள். "போ" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து கடைசிவரை நடந்து வருவதற்குள் என்ன பேசுவது என்று நிறைய யோசித்துவிட்டேன். கவுனை ஏன் போடவில்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்புறம் காலியாக இருக்கிற நாற்காலிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வந்து உங்கள் முன்னால் நின்றேன். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், முகத்தை, தோளை, இடுப்பை. வாயைத் திறந்தேன்.

நீங்கள் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தபடி, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா, மறைக்குது. என் பொண்ணு பாடுறா" என்றீர்கள்.

"சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.